கொடுவாவுக்கு ரப்பர் மீன்: நேராக மாட்டுவதும் மெதுவாக இழுப்பதும்

முட்டுக்காட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து தூண்டில் போட்ட தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்து 4 அங்குல சாஃப்ட் ப்ளாஸ்டிக் ஸ்விம்பெய்ட் ஒரு பாக்கெட் வாங்கினேன் அண்ணா. இழுத்தால் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. இரண்டு தடவை டொக்கென்று இடித்தது, மீன் நிற்கவில்லை. எப்படி மாட்ட வேண்டும், எந்த வேகத்தில் இழுக்க வேண்டும்? 6 அங்குலம் வாங்கிப் பார்க்கலாமா?"

தம்பி, வாங்கிய சாமானில் குறை இல்லை. பம்பரம் மாதிரி சுற்றுகிறது என்று சொன்னீர்களே, பாதி விஷயம் அந்த வரியிலேயே இருக்கிறது. அந்த ஸ்விம்பெய்ட், அதாவது இழுத்தால் வாலடித்து நீந்துகிற ரப்பர் மீன், தூண்டில் முள்ளில் கோணலாக ஏறியிருக்கிறது. மீதிப் பாதி வேகம். வீடியோ பார்த்துப் பழகியவர்களில் பெரும்பாலோர் தேவைக்கு இரண்டு மடங்கு வேகமாகத்தான் ரீலைச் சுற்றுகிறார்கள். நானும் பல மாதம் அப்படிச் சுற்றியவன்தான். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் அப்புறம் பேசவேண்டியது கொஞ்சம்தான்.

முதலில் அந்தப் பாஸ் எது, நம்முடையது எது என்று பார்த்துவிடுவோம். வீடியோவில் வருவது லார்ஜ்மௌத் பாஸ். அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். சென்னைத் தண்ணீரில் கிடையாது. கலிஃபோர்னியா ஏரிகளில் விடப்பட்ட ட்ரௌட் மீன்களைத் தின்று கொழுத்த பாஸுக்காகத்தான் அங்கே அந்தப் பெரிய பெரிய ஸ்விம்பெய்ட்கள் பேர் வாங்கின. நம் கழிமுகங்களில் இருப்பது கொடுவா. ஆசிய சீ பாஸ் என்பதும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்பதும், கொல்கத்தாவில் பெட்கி, ஆந்திராவில் பண்டுகப்பா என்பதும் இதே மீன்தான். பாஸும் கொடுவாவும் வேறு வேறு குடும்பம். ஆனால் இரை பிடிக்கிற பழக்கம் ஒன்று போல இருக்கும். இரண்டும் அதிக தூரம் துரத்தி ஓடாது. நிழலில், தூண் ஓரத்தில், நீரோட்டம் உடைகிற இடத்தில் பதுங்கி நின்று, இரை பக்கத்தில் வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அதனால்தான் பாஸுக்குச் செய்த ரப்பர் மீன் நம் கொடுவாவுக்கும் வேலை செய்கிறது. மாற்ற வேண்டியது முள்ளின் தடிமனும் நரம்பின், அதாவது தூண்டில் நூலின், பலமும்தான்.

சரி, மாட்டுவதற்கு வருவோம். இதை ஆற்றங்கரையில் அவசரத்தில் செய்யாமல், முந்தின நாள் ராத்திரி வீட்டில் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். ஜிக் ஹெட்டை, அதாவது ஈயத் தலை வைத்த முள்ளை எடுத்து, ரப்பர் மீனின் பக்கவாட்டில் வெளியே வைத்துப் பாருங்கள். உள்ளே போனபின் எப்படி நிற்குமோ அப்படியே வைக்க வேண்டும். ஈயம் மூக்கைத் தொடட்டும். முள் வளைகிற இடம் முதுகில் எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். அங்கேதான் முனை வெளியே வர வேண்டும்.

இனி மூக்கின் நட்டநடுவில் முனையை விடுங்கள். முள்ளைப் பிடித்துத் தள்ளக் கூடாது. ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக முள்ளின் மேல் ஏற்ற வேண்டும். பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணியைச் சுருக்கிச் சுருக்கி ஏற்றுவார்களே, அதே கை. உற்றுப் பார்த்தால், அச்சில் வார்த்த கோடு ஒன்று முதுகின் நடுவே தலையிலிருந்து வால் வரை மெல்லியதாக ஓடும். கீறல் போட்ட இடத்தில், அந்தக் கோட்டின் மேலேயே முனை எட்டிப் பார்க்க வேண்டும். 2 மில்லிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால்கூடத் தண்ணீரில் சாயும், வேகம் கூடினால் சுற்றும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

ஏற்றியபின் ஈயத்தைப் பிடித்துத் தூக்கி, முதலில் மேலிருந்து பாருங்கள். வால் நேர்கோட்டில் இருக்க வேண்டும். அப்புறம் பக்கத்திலிருந்து பாருங்கள். முதுகு கூன் போட்டிருந்தால் முனை வால் பக்கமாகத் தள்ளி வெளியே வந்திருக்கிறது. ரப்பர் விறைப்பாக இழுபட்டு மூக்கு ஈயத்தை விட்டு விலகி நின்றால் தலைக்கு அருகிலேயே வந்துவிட்டது. எதுவானாலும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இரண்டு தடவை தவறினால் பழைய ஓட்டையே முள்ளை இழுத்துக்கொள்ளும். அப்போது மூக்கில் அரை சென்டிமீட்டரை பிளேடால் நறுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. நேராக அமைந்ததும் ஈயத்தின் கழுத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்து மூக்கை அழுத்திப் பிடியுங்கள். பத்து தடவை வீசியபின் ரப்பர் கீழே நழுவி மடங்குகிற தொல்லை இதோடு தீரும்.

வாலையும் பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் சாஃப்ட் ப்ளாஸ்டிக்கை விட்டுவைத்தால் வால் மடங்கி அப்படியே நின்றுவிடும். ஒரு சித்திரை மாதம் என் பாக்கெட் முழுக்க அப்படிப் போனது. தூக்கி எறிய வேண்டாம். கொதித்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி, இடுக்கியால் தலையைப் பிடித்து வால் பக்கத்தை அதில் முக்குங்கள். இளகித் தானாக நிமிரும். உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அந்த வடிவமே நிலைக்கும். சாதாரண ப்ளாஸ்டிக்குக்குத்தான் இது. கையால் இழுத்தால் மிக நீளமாக இழுபடுகிற இன்னொரு வகை இருக்கிறது. அதையும் சாதாரண வகையையும் ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதது வந்த பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

4 அங்குல உடம்புக்கு 4/0 அல்லது 5/0 அளவு முள் பொருந்தும். கம்பி தடித்ததாக இருக்கட்டும். பாஸுக்கென்று விற்கிற மெல்லிய கம்பி முள்ளைக் கொடுவா நிமிர்த்திவிடும். ஈயத்தின் எடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆஸ்திரேலிய பாரமுண்டி வீடியோக்களில் 20, 30 கிராம் போடச் சொல்வார்கள். அங்கே டார்வின் பக்கம் கடல் 7, 8 மீட்டர்கூட ஏறி இறங்கும். நீரோட்டம் அசுரத்தனமாக ஓடும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். முட்டுக்காடு மாதிரி ஆழம் குறைந்த இடத்துக்கு 5 முதல் 7 கிராம் போதும். பாலத்துக்குக் கீழே நீரோட்டம் இழுக்கும்போது 10. முகத்துவாரத்தில் அலையோடு போராடுகிற அன்று மட்டும் 14, அதற்கு மேல். அடியைத் தொட முடிகிற எடைகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஈயம் குறையக் குறைய ரப்பர் மீன் கீழே இறங்க அதிக நேரம் எடுக்கும். கொடுவா அதிகம் கடிப்பது அந்த இறக்கத்தில்தான்.

பாசி, கோரை, முறிந்த கிளை இருக்கிற இடத்தில் ஜிக் ஹெட் உதவாது, மாட்டிக்கொள்ளும். அங்கே முனையை மறைத்து மாட்டுகிற வளைந்த கழுத்து முள்தான் சரி. முள்ளின் அடிவயிற்றில் 3 முதல் 7 கிராம் ஈயம் சுற்றியிருக்கும். முனையை மூக்கில் முக்கால் சென்டிமீட்டர் நுழைத்து அடித்தாடை வழியாக வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, கழுத்து வளைவு மூக்குக்குள் உட்காரும் வரை இழுங்கள். அப்புறம் வயிற்றுப் பிளவு வழியாக முனையை மேலே ஏற்றி முதுகுப் பள்ளத்தில் படுக்க வையுங்கள். நுனியை மட்டும் மேல்தோலில் கோர்த்துவிட்டால் போதும், ஆழமாகப் புதைக்கக் கூடாது. விரலால் முதுகை அமுக்கினால் முனை உடனே வெளியே வர வேண்டும். ஏரிக் கரையோரத் தாமரை இலைக்குள் விராலுக்குப் போடவும் இதே அமைப்புதான். விராலைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

நரம்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 முதல் 30 பவுண்ட் பிரெய்ட் (பின்னல் நரம்பு), அதன் முனையில் முக்கால் மீட்டர் முதல் 1 மீட்டர் வரை 40 பவுண்ட் லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்புத் துண்டு). கொடுவாவுக்கு நெய்மீன் மாதிரி வெட்டும் பல் கிடையாது, சொரசொரப்பான தாடைதான். எனவே கம்பி லீடர் வேண்டாம். ஆனால் அந்தச் சொரசொரப்பும் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பியும் மெல்லிய நரம்பைத் தேய்த்து அறுத்துவிடும். லீடரை முள்ளின் கண்ணில் இறுக்கிக் கட்டாமல், சின்ன வளையமாக விட்டு முடிச்சுப் போடுங்கள். ரப்பர் மீன் தலையைத் தாராளமாக ஆட்டும்.

இப்போது இழுப்பு. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான்.

கரைக்குப் போனதும் முதல் வேலையாக எறியாதீர்கள். ராட் முனையிலிருந்து ஒன்றரை மீட்டர் நரம்பை விட்டு, காலடித் தண்ணீரில் ரப்பர் மீனை இறக்கி, ராடைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். மெள்ள நகர்த்தினால் வால் செத்துக் கிடக்கும். கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் வால் இடமும் வலமும் அடிக்கத் தொடங்கும், உடம்பு லேசாகப் புரளும். அந்த வேகம்தான் உங்கள் வேகம். அதற்கு மேலே ஒரு பொடி கூடினாலும் வேண்டாம். அதையே ரீலில் சுற்றிப் பார்த்துக் கைக்குப் பழக்குங்கள். 3000 அளவு ரீல்கள் பெரும்பாலும் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டருக்கு மேல் நரம்பை இழுக்கும். ஆகவே விநாடிக்கு ஒரு சுற்று என்பதே வேகம்தான். அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிற்கப் பாருங்கள். முதலில் கை ஒத்துழைக்காது, அவசரப்படும். வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுங்கள்.

எறிந்தபின் உடனே சுற்றக் கூடாது. நரம்பை லேசான இறுக்கத்தில் வைத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். நரம்பு தொய்கிற கணம் ரப்பர் மீன் அடியைத் தொட்டுவிட்டது. உதாரணமாக ஆறு எண்ணினால் அடி என்றால், அடுத்த எறியில் நான்கு எண்ணியதும் சுற்றத் தொடங்கலாம்; அடியை ஒட்டி, ஆனால் சேற்றைத் தொடாமல் வரும். ஆறு என்று தெரிந்த இடத்தில் திடீரென்று மூன்றிலேயே நரம்பு தொய்ந்தால் அது அடி இல்லை. ஏதோ ஒன்று வாயில் வாங்கிவிட்டது. உடனே இழுங்கள்.

ராட் முனை தண்ணீரைப் பார்த்துத் தாழ்ந்திருக்கட்டும். பிரெய்ட் என்பதால் வால் அடிக்கிற ஒவ்வொரு துடிப்பும் விரலுக்கு வரும். பூனைக்குட்டியை மடியில் வைத்தால் ஓர் அதிர்வு தெரியுமே, கிட்டத்தட்ட அப்படி. அந்த அதிர்வு நின்றால் சும்மா இருக்காதீர்கள். பாசி மாட்டியிருக்கும், இல்லையென்றால் வால் முள்ளில் சுற்றியிருக்கும், இல்லையென்றால் மீன் வாயில் கவ்வி உங்களை நோக்கி வருகிறது. மூன்றாவது நடந்தால் நரம்பு கனமில்லாமல் தொய்யும். பலர் ரப்பர் மீன் அறுந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடுவார்கள். வேகமாகச் சுற்றித் தொய்வை எடுத்தால் மறுமுனையில் மீன் இருக்கும்.

நான்கைந்து சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். இரண்டு எண்ணும் வரை விடுங்கள், ரப்பர் மீன் தலை குனிந்து இறங்கட்டும். மறுபடி சுற்றுங்கள். தூணைத் தாண்டி எறிந்து, தூணின் நிழலுக்குள் வரும்போது நிறுத்தினால் இன்னும் நல்லது. பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருக்கிற கொடுவா, இரை தளர்ந்து இறங்குகிறது என்று கண்டதும் வாயைத் திறக்கும். நீங்கள் சொன்ன அந்த இரண்டு டொக்கும் வேகமாக ஓடுகிற இரையை உறிஞ்சப் பார்த்துத் தவறவிட்டதாகத்தான் இருக்கும். உறிஞ்சுகிற மீனுக்கு, நரம்பு விறைப்பாக முன்னே இழுத்துக்கொண்டே இருந்தால் ரப்பர் மீன் வாய்க்குள் போகாது. வேகத்தைக் குறைத்தால் அந்த இடிகளில் ஒன்று நின்றிருக்கும்.

நீரோட்டத்துக்கு எதிராக இழுப்பது அடுத்த தவறு. சின்ன மடவையும் கிழங்கானும் ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு வரும். கொடுவா ஓட்டம் வருகிற பக்கம் தலையைத் திருப்பி நிற்கும். ஆகவே ஓட்டத்தின் மேல்பக்கம் குறுக்காக எறிந்து, ரப்பர் மீன் ஓட்டத்தோடே இறங்கி வரும்படி சுற்றுங்கள். பாலத்தருகே, ஓட்டம் வருகிற பக்கத்தில் நின்று ஓட்டத்தை எதிர்த்து இழுத்துவிட்டு, இங்கே மீனே இல்லை என்று கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் என்றால், தண்ணீர் அசைகிற நேரம். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குகிற முதல் இரண்டு மணி நேரம் எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது, அதுவும் அந்தி சாய்கிற வேளையோடு சேர்ந்தால். முட்டுக்காட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். கோடையில் கோவளம் பக்கத்து முகத்துவாரம் மணல் திட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே வராது, தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஓத நேரத்தை மட்டும் பார்த்துப் போவதில் பலன் இல்லை. அடையாறு முகத்துவாரத்திலும் மணல் இப்படித்தான் சேரும். மார்கழி, தையில் தண்ணீர் குளிர்ந்து வாடைக்காற்று அடிக்கும்போது கொடுவா மந்தமாக இருக்கும். அப்போது இன்னும் மெதுவாக, நிறுத்தத்தை நான்கு எண்ணும் வரை நீட்டுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தெளிந்த தண்ணீருக்கு மடவை போல வெள்ளி நிறம், கலங்கலுக்கு வெள்ளையோ கறுப்போ. இரண்டு பாக்கெட் போதும்.

கடித்ததும் ராடை வானத்துக்குத் தூக்காதீர்கள். பக்கவாட்டில், இடுப்பைத் திருப்பி ஒரு உறுதியான இழுப்பு. முனை மறைத்த முள்ளாக இருந்தால் மீனின் கனம் கையில் தெரியும் வரை அரை விநாடி பொறுத்து, இன்னும் பலமாக. கொடுவாவின் வாய் கெட்டி. ட்ராகை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிற இறுக்கத்தை, நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்திருங்கள். முதல் ஓட்டமே தூணை நோக்கித்தான் இருக்கும். அப்புறம் தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறும். அது எழும்புகிறபோது ராட் முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தினால் உதறலில் முள் கழன்று போகாது.

கரைக்கு வந்தபின் செவுளுக்குள் விரலை விடவே கூடாது. செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி. என் வலது கையில் நடுவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, மூன்று தையல். கீழ்த்தாடையை கிரிப்பரால் பிடித்து, ஈரக் கையால் வயிற்றைத் தாங்குங்கள். முள்ளை நீண்ட மூக்கு பிளையரால் எடுங்கள்.

பெரியது கிடைத்தால் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். கொடுவா ஆணாகத்தான் முதலில் முதிர்கிறது. பல வருடம் கழித்துத்தான் பெண்ணாக மாறுகிறது. ஆகவே 5, 6 கிலோ கொடுவா என்றால் அநேகமாக முட்டையிடும் தாய். சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீனை அடைப்பில் வைத்து முட்டையிட வைத்து 1997-ல் வெற்றி கண்டது. அதன் சோதனை நிலையம் இருப்பது உங்கள் முட்டுக்காட்டிலேயே. பண்ணை மீன் சந்தையில் கிடைக்கிறது. கழிமுகத்துத் தாய் மீனைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். குழம்புக்கு ஒன்றரைக் கிலோ மீன்தான் ருசியும்கூட.

அதே மாதிரி, வலை போட்டிருக்கிற இடத்தில் எறியாதீர்கள். பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை இறக்குவது என்பதற்குப் பாடு என்று பரம்பரை முறையே உண்டு. எண்ணூரிலும் கோவளத்திலும் அந்தக் குப்பத்து ஆட்கள்தான் தண்ணீரை அறிந்தவர்கள். "அண்ணே, இங்க போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் இடம் காட்டுவதோடு, எந்தத் தூணில் நேற்று மடவை சிதறியது என்றும் சொல்லுவார்கள். கிழிந்த ரப்பர் துண்டுகளைத் தண்ணீரில் விடாமல் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். மீன் விழுங்கினால் அதன் வயிற்றிலேயே தங்கிவிடும். இடி மின்னல் தெரிந்தால் உடனே ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும்.

6 அங்குலம் இப்போது வேண்டாம் தம்பி. முட்டுக்காட்டில் ஓடுகிற மடவைக் குஞ்சின் அளவு 3, 4 அங்குலம்தான். 6 அங்குலத்துக்குப் பெரிய முள்ளும் கனமான ராடும் தேவைப்படும். இருக்கிற பாக்கெட்டிலேயே ஆறு மீனை எடுத்து, நான் சொன்னபடி நேராக மாட்டி, மூக்குக்குப் பசை வைத்துக்கொள்ளுங்கள். 7 கிராமில் நாலு, 10 கிராமில் ரெண்டு. முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் யாரையாவது கேட்டுவிட்டு, வற்றம் மாலையில் விழுகிற ஞாயிறாகப் பார்த்துப் போங்கள். பிளையரை மறந்துவிடாதீர்கள். காலடியில் வால் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் முதல் எறி எறியுங்கள்.